‘பொத்தான் வேலை செய்யவில்லை’ என்பதற்கு எத்தனை பொருள்? சாளர நிரல்களில் சிக்கும்போது உதவி கேட்கும் முறை

பைத்தான் நிரல்மொழியில், சாளரங்களை உருவாக்க உதவும் டிகிண்டர் என்ற நூலகத்தைக் கொண்டு முதல் சாளரத்தை வரைந்து பார்க்கும் மாணவர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி இப்படி ஒரு செய்தி வரும்: “ஐயா, சேமி என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறேன். அழுத்தினால் வேலை செய்யவில்லை. நிரலை முழுவதும் சரிபார்த்துவிட்டேன். உதவுங்கள்.” கூடவே கைபேசியில் சற்றுச் சாய்வாக எடுத்த ஒரு படம் இருக்கும். அதில் சாளரம் தெரியும், பொத்தான் தெரியும், அறையின் குழல்விளக்கு திரையில் பட்டுத் தெறிப்பதும் தெரியும். பொத்தான் வேலை செய்யாதது மட்டும் தெரியாது. வேலை செய்யும் பொத்தானும் வேலை செய்யாத பொத்தானும் படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கேட்பவரைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. அவர் கண்முன்னே நடப்பது அவருக்கு அவ்வளவு வெளிப்படையாக இருப்பதால், ‘வேலை செய்யவில்லை’ என்ற இரண்டு சொற்களே போதும் என்று அவருக்குத் தோன்றுகிறது. உதவ வருபவரிடமோ அந்தத் திரையும் இல்லை, அந்தச் சுட்டியும் இல்லை, அழுத்துவதற்கு முன் அவர் எந்தப் பெட்டியில் என்ன தட்டச்சு செய்தார் என்ற செய்தியும் இல்லை. எந்த நிரலைப் பற்றிக் கேட்டாலும் இந்த இடைவெளி உண்டு என்றாலும், வரைகலை இடைமுகம் உள்ள நிரல்களில் அது பல மடங்கு அகன்றுவிடுகிறது. அதன் காரணம் புரிந்தால் எப்படிக் கேட்பது என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும் என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன். எடுத்துக்காட்டுகளை டிகிண்டரிலிருந்தே தருகிறேன். பைத்தானோடு சேர்ந்து வருவதால் புதியவர்களில் பலர் முதலில் தொடுவது அதைத்தான்.

காத்திருக்கும் நிரல்

இரண்டு எண்களை வாங்கிக் கூட்டி விடையை அச்சிடும் நிரல் மேலிருந்து கீழாக ஓடி முடிந்துவிடும். இடையில் பிழை நேர்ந்தால் அந்த வரியிலேயே நின்று, பிழைச்செய்தியைக் கொட்டிவிட்டு வெளியேறிவிடும். எங்கே நின்றது என்பதே பாதி விடையாகிவிடுகிறது.

சாளர நிரல் இப்படி ஓடுவதில்லை. அது முதலில் சாளரத்தையும் பொத்தான்களையும் பெட்டிகளையும் அடுக்கிவிட்டு, ‘மெயின்லூப்’ என்ற வரியை அடைந்ததும் கட்டுப்பாட்டை ஒரு நிகழ்வுச் சுழலிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்கிறது. சுட்டி அசைவு, விசை அழுத்தம், சாளரத்தின் அளவு மாற்றம், மறுவரைவு என்று ஒவ்வொரு நிகழ்வும் வரிசையில் வந்து சேர, சுழல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, அதற்கென்று நீங்கள் பதிந்துவைத்த ஃபங்ஷனை (பெயர் சொல்லி அழைத்தால் ஓடும் நிரல் துண்டை) அழைக்கிறது. ஒரே ஒரு மாஸ்டர் நிற்கும் டீக்கடையை நினைத்துக்கொள்ளலாம். சொன்ன வரிசையில் ஒவ்வொரு டீயாக வரும், ஆனால் மாஸ்டர் பால் வாங்கப் போய்விட்டால் கடையில் உள்ள அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான்.

இந்த அமைப்பிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. ஒன்று, நீங்கள் எழுதிய வரிகளின் வரிசையும் அவை ஓடும் வரிசையும் வேறு வேறு. 200 வரிகளுக்கு மேலே எழுதிய ஒரு ஃபங்ஷன், பயனர் பத்து நிமிடம் கழித்து எதையோ தொடும்போதுதான் முதன்முறையாக ஓடக்கூடும். இரண்டாவது விளைவுதான் புதியவர்களை அதிகம் ஏமாற்றுகிறது. பொத்தானுக்கான ஃபங்ஷனுக்குள் பிழை நேர்ந்தால் டிகிண்டர் நிரலை நிறுத்துவதில்லை. அது டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் எழுத்துச் சாளரத்தில்) ‘டிகிண்டர் கால்பேக்கில் எக்ஸெப்ஷன்’, அதாவது ‘டிகிண்டர் அழைத்த ஃபங்ஷனில் பிழை’ என்று பொருள்படும் தலைப்போடு பிழைச்செய்தியை எழுதிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் மீண்டும் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறது. சாளரம் அப்படியே நிற்கிறது, பொத்தான் அழகாக அமுங்கி எழுகிறது, கோப்பு மட்டும் சேமிக்கப்படவில்லை.

“பிழைச்செய்தி எதுவும் வரவில்லை” என்று எழுதுபவர்களில் பலர், பிழைச்செய்தி வந்த இடத்தைப் பார்க்காதவர்கள். கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்திருப்பார்கள். விண்டோஸில் ‘.பிஒய்டபிள்யூ’ என்று முடியும் கோப்பாக இருந்தால் டெர்மினல் சாளரமே திறக்காது. செய்தி எழுதப்பட வேண்டிய இடமே இல்லாமல் போய்விடும். ஆகவே எவரிடமும் எதையும் கேட்பதற்கு முன் டெர்மினலைத் திறந்து, அங்கிருந்து நிரலை இயக்கி, பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டு, கண்ணைச் சாளரத்திலிருந்து டெர்மினலுக்குத் திருப்புங்கள். இணையப் பக்கத்தின் இடைமுகத்தில் சிக்கியிருப்பவர்கள் உலாவியில் எஃப்12 விசையை அழுத்தி, பிழைச்செய்திகள் தோன்றும் கன்சோலைத் திறந்தால் அதே காட்சியைக் காணலாம். நான் பார்த்த ‘மர்மமான’ வழுக்களில் கணிசமானவை இந்த ஒரு திருப்பத்திலேயே மர்மத்தை இழந்திருக்கின்றன.

அந்தச் செய்தி கிடைத்துவிட்டால் அதை எழுத்தாகவே நகலெடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை முழுமையாக அனுப்ப வேண்டும். பைத்தானின் பிழைச்செய்தியில் என்ன வகைப் பிழை என்பது கடைசி வரியிலும், எந்தக் கோப்பின் எந்த வரியிலிருந்து எது அழைக்கப்பட்டது என்பது அதற்கு மேலும் இருக்கும். ஒன்றை மட்டும் அனுப்பினால் மற்றது போய்விடும். செய்தியைத் தமிழில் மொழிபெயர்த்துத் தர முயலாதீர்கள். உங்கள் விளக்கம் தமிழில் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் பிழைச்செய்தி எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தால்தான் உதவுபவர் அதை அடையாளம் காணவும் தேடவும் முடியும். படமாகத் தந்தால் அவர் அதை உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். பலர் செய்ய மாட்டார்கள், அதில் தவறும் இல்லை.

ஒரு சிறு குறிப்பு: டிகிண்டர் பிழைகளில் ‘டிக்கிள்எரர்’ என்றொரு பெயரைக் கண்டு, தாம் பைத்தான் அல்லவா எழுதினோம் என்று சிலர் திகைப்பதுண்டு. டிகிண்டர் என்பது டிகே என்ற வரைகலைக் கருவித்தொகுப்புக்குப் பைத்தானிலிருந்து போடப்பட்ட பாலம் மட்டுமே. அந்த டிகே, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஆஸ்டர்ஹவுட் உருவாக்கிய டிக்கிள் மொழியோடு பிறந்தது. உங்கள் நிரலுக்குள் அந்த மொழியும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே அந்தப் பெயரைப் பொருத்தமற்றது என்று நினைத்து வெட்டிவிடாமல் அதையும் சேர்த்தே அனுப்புங்கள்.

ஒரே புகார், வெவ்வேறு நோய்கள்

இனி அந்த ‘வேலை செய்யவில்லை’யைப் பிரித்துப் பார்ப்போம். பொத்தானை அழுத்தினால் எது ஓட வேண்டும் என்று குறிக்கும் ‘கமாண்ட்’ என்ற இடத்தில் ‘சேமி’ என்ற ஃபங்ஷனைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். பைத்தான் 3-இல் தமிழ் எழுத்துகளிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் இது கற்பனை எடுத்துக்காட்டு அல்ல, எழுதினால் ஓடும்.

முதலாவது, மிகப் பரவலானது: கமாண்ட்=சேமி என்று எழுத வேண்டிய இடத்தில் கமாண்ட்=சேமி() என்று அடைப்புக்குறிகளோடு எழுதிவிடுவது. அடைப்புக்குறி போட்டால் அந்த ஃபங்ஷன் அப்போதே, பொத்தான் உருவாகும் கணத்திலேயே ஓடிவிடும். அது திருப்பித் தந்த மதிப்புதான், பெரும்பாலும் ஒன்றுமில்லாத வெற்று மதிப்பு, பொத்தானிடம் போய்ச் சேரும். இங்கே உண்மையான அறிகுறி ‘அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை’ என்பதன்று; ‘நிரலைத் திறந்தவுடன், நான் எதையும் தொடுவதற்கு முன்பே, ஒருமுறை சேமிக்கப்படுகிறது; அதன்பின் எத்தனை முறை அழுத்தினாலும் நடப்பதில்லை’ என்பதுதான். இரண்டாவது வாக்கியத்தை யாராவது எழுதியனுப்பினால், நிரலைப் பார்க்காமலே விடை சொல்லிவிடலாம். ரியாக்ட் என்ற நூலகத்தைக் கொண்டு இணையப் பக்கம் எழுதுபவர்களும் ‘ஆன்கிளிக்’ பண்பில் இதே அடைப்புக்குறிக்குள் விழுகிறார்கள்.

ஃபங்ஷன் ஓடத் தொடங்கி நடுவில் முறிந்திருக்கவும் கூடும். லேபிளை (எழுத்தையோ படத்தையோ காட்டும் பகுதியை) உருவாக்கிய அதே வரியின் முடிவில், அதைச் சாளரத்தில் இடம்பொருத்தும் ‘.பேக்()’ என்பதையும் சேர்த்து, அந்த மொத்தத்தையும் ஒரு மாறியில் வைத்துக்கொள்வது ஒரு செவ்வியல் பிழை. ‘பேக்’ எதையும் திருப்பித் தருவதில்லை. ஆகவே மாறியில் லேபிள் இல்லை, வெற்று மதிப்புதான் இருக்கிறது. பின்னர் பொத்தானை அழுத்தி அந்த லேபிளின் எழுத்தை மாற்ற முயலும்போதுதான் குட்டு உடைகிறது. பிழை விதைக்கப்பட்ட வரி ஒன்று, வெடிக்கும் வரி வேறொன்று. வெடித்த வரியை மட்டும் அனுப்பிவிட்டு “இந்த வரியில் என்ன தவறு?” என்று கேட்டால், தவறு எதுவும் இல்லை என்ற நேர்மையான, பயனற்ற பதில்தான் கிடைக்கும்.

ஃபங்ஷன் முழுமையாக ஓடியும் நீங்கள் பார்க்கும் இடத்தில் விளைவு தெரியாமலும் போகலாம். இரண்டாவது சாளரம் வேண்டும் என்பதற்காக ‘டாப்லெவல்’ என்று அழைக்காமல், முதன்மைச் சாளரத்தை உருவாக்கும் ‘டிகே()’ என்பதையே மறுபடியும் அழைத்துவிட்டால், நிரலுக்குள் ஒன்றையொன்று அறியாத இரண்டு உலகங்கள் உருவாகிவிடுகின்றன. எந்தச் சாளரத்தைச் சேர்ந்தது என்று குறிப்பிடாத ‘ஸ்ட்ரிங்வார்’ (பெட்டியில் உள்ள எழுத்தை ஏந்தும் மாறி) முதல் உலகத்தில் பிறக்கிறது. இரண்டாவது சாளரத்தின் பெட்டியில் பயனர் தட்டச்சு செய்வது அதை எட்டுவதே இல்லை. கோப்பு சேமிக்கப்படுகிறது, ஆனால் வெறுமையாக. இதையும் கேட்பவர் ‘வேலை செய்யவில்லை’ என்றே எழுதுவார்.

பத்து இலக்கப் பொத்தான்களை ஒரு ‘ஃபார்’ சுழலில் உருவாக்கும் கணிப்பான் நிரல்களில் எதை அழுத்தினாலும் 9 என்றே விழுவது வேறொரு வகை. ஒவ்வொரு பொத்தானுக்கும் தரப்பட்ட ‘லாம்டா’ (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்), சுழலின் மாறியின் மதிப்பை அப்போதே பிடித்து வைத்துக்கொள்வதில்லை. அழுத்தப்படும்போதுதான் போய்ப் பார்க்கிறது. அதற்குள் சுழல் முடிந்து மாறி 9-இல் நின்றுவிட்டிருக்கிறது. ‘பொத்தான்கள் தவறாக வேலை செய்கின்றன’ என்று எழுதாமல் ‘எதை அழுத்தினாலும் கடைசி எண்ணே வருகிறது’ என்று எழுதினால், அந்தக் ‘கடைசி’ என்ற சொல்லே வழக்கைத் தீர்த்துவிடும்.

கடைசியாக, உறைதல். ஃபங்ஷனுக்குள் ‘டைம்.ஸ்லீப்’ போட்டு ஐந்து விநாடி காத்திருக்கச் சொல்லியிருப்பார்கள். அல்லது இணையத்திலிருந்து பெரிய கோப்பொன்றை இறக்கச் சொல்லியிருப்பார்கள். டீ மாஸ்டர் பால் வாங்கப் போய்விட்டார். சாளரம் வெளுக்கிறது, ‘பதிலளிக்கவில்லை’ என்கிறது, பின் திடீரென உயிர்பெறுகிறது. உங்கள் ஃபங்ஷன் நடுவில் லேபிளின் எழுத்தை ஒன்று, இரண்டு, மூன்று என்று மாற்றியிருந்தாலும் திரையில் கடைசி எண் மட்டுமே தெரியும். ஏனென்றால் திரையை மறுபடி வரைவதும் அந்த நிகழ்வுச் சுழலின் வேலைதான், சுழலோ உங்கள் ஃபங்ஷன் முடியட்டும் என்று காத்திருந்தது. இது டிகிண்டருக்கு மட்டும் உரிய குறை அன்று. ஜாவாவின் ஸ்விங், க்யூட்டி ஆகிய வரைகலைத் தொகுப்புகளிலும் ஆண்ட்ராய்டிலும் இதே ஒற்றை வரிசைதான். ஆண்ட்ராய்டு செயலி பயனரின் தொடுதலுக்கு 5 விநாடிக்குள் பதிலளிக்காவிட்டால் அது உறைந்துவிட்டதாக இயங்குதளமே அறிவித்துவிடும். ஆகவே ‘உறைகிறது’ என்று எழுதும்போது எவ்வளவு நேரம் உறைகிறது, தானாக மீள்கிறதா, என்றைக்குமாக நின்றுவிடுகிறதா என்பதையும் சேர்த்தெழுத வேண்டும். மீண்டால் நீண்ட வேலை, மீளாவிட்டால் பெரும்பாலும் முடிவற்ற சுழல். இரண்டுக்கும் மருந்து வேறு.

இவற்றில் உங்களுடையது எது என்று பிரித்தறிய ஒரு மலிவான சோதனை உண்டு. ஃபங்ஷனின் முதல் வரியாக ஒரு ‘பிரின்ட்’டும் கடைசி வரியாக இன்னொன்றும் போட்டுவிட்டு நிரலை இயக்குங்கள். அழுத்தும் முன்பே முதல் வரி அச்சானால் அடைப்புக்குறிக் கோளாறு. அழுத்தியும் அச்சாகாவிட்டால் ஃபங்ஷன் பொத்தானோடு இணையவே இல்லை. முதலாவது அச்சாகி இரண்டாவது அச்சாகாவிட்டால் நடுவில் முறிகிறது அல்லது சிக்கி நிற்கிறது. இரண்டும் அச்சானால் வேலை நடக்கிறது, விளைவைத்தான் தவறான இடத்தில் தேடுகிறீர்கள். இந்தச் சோதனையின் முடிவை ஒரே வாக்கியத்தில் உங்கள் கேள்வியில் சேர்த்துவிட்டால், உதவுபவர் கேட்கவிருந்த முதல் நான்கு கேள்விகள் மிச்சமாகும்.

நிரலைச் சுருக்குவது

அடுத்து, நிரலை எவ்வளவு தருவது என்ற சிக்கல். சிலர் 600 வரிகளையும் அப்படியே அனுப்புகிறார்கள். சிலர் தாங்கள் சந்தேகிக்கும் மூன்று வரிகளை மட்டும் அனுப்புகிறார்கள். முன்னதைப் படிக்க எவருக்கும் நேரமில்லை, பின்னதை இயக்க எவராலும் முடியாது. தேவைப்படுவது, தனியாக ஓடக்கூடிய, ஓடினால் அதே கோளாறைக் காட்டக்கூடிய, அதற்கு மேல் ஒன்றும் இல்லாத ஒரு சிறு நிரல். சாளர நிரலில் இது பெரும்பாலும் 15 முதல் 30 வரிகளுக்குள் அடங்கிவிடும்.

இதைச் செய்ய இரண்டு பாதைகள். நிரலை நகலெடுத்துக்கொண்டு, நகலில் ஒவ்வொரு பகுதியாக வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் இயக்கிப் பார்ப்பது ஒன்று. வெற்றுச் சாளரத்திலிருந்து தொடங்கி, கோளாறு தோன்றும்வரை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவது இன்னொன்று. என் விருப்பம் இரண்டாவது. அதில் ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று நமக்கே தெரிந்திருக்கும். தரவுத்தளத்திலிருந்து வரும் பட்டியலுக்குப் பதிலாக மூன்று பெயர்களை நேரடியாக எழுதிவிடலாம். உள்நுழைவுத் திரையைத் தூக்கிவிடலாம். கடவுச்சொற்களும் அதோடு போய்விடுவது கூடுதல் நன்மை. படக்கோப்பு தேவைப்படும் இடத்தில் நிறம் பூசிய ஒரு ஃபிரேமை (பிற பகுதிகளை அடக்கும் கட்டத்தை) வைத்துவிட்டால், உதவுபவரிடம் அந்தக் கோப்பு இல்லாவிட்டாலும் நிரல் ஓடும்.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நான் அதில் மாட்டிய கதையைச் சொன்னால் சுருக்கும் வேலையின் உண்மையான மதிப்பு புரியும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு படத்தொகுப்பு நிரலை எழுதிக்கொண்டிருந்தேன். படம் இருக்க வேண்டிய இடத்தில் அதன் அளவுக்குச் சரியான ஒரு வெற்றுக் கட்டம் மட்டும் தெரிந்தது. பிழைச்செய்தி கிடையாது, டெர்மினலிலும் ஒன்றும் இல்லை. கோப்பின் பாதையை மாற்றினேன், வேறு படத்தை வைத்தேன், ஒரு முழு மாலைப் பொழுதும் போயிற்று. சரி, யாரிடமாவது கேட்போம் என்று நிரலைச் சுருக்க உட்கார்ந்தேன். ஃபங்ஷன்களையெல்லாம் எடுத்துவிட்டு, படத்தை ஏற்றும் வரி, லேபிளில் வைக்கும் வரி, மெயின்லூப் என்று ஏழெட்டு வரிகளாக்கி இயக்கினேன். படம் பளிச்சென்று தெரிந்தது. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. கேட்பதற்குக் கையில் கோளாறே இல்லாமல் போய்விட்டது.

சற்றுக் கழித்துத்தான் உறைத்தது: சுருக்கும்போது நான் என்ன எடுத்தேனோ அதில்தான் காரணம் இருக்கிறது. நான் எடுத்தது ஒரு ஃபங்ஷனின் சுவரை. மூல நிரலில் படம் ஒரு ஃபங்ஷனுக்குள் ஓர் உள்மாறியில் இருந்தது. ஃபங்ஷன் முடிந்ததும் அந்த மாறி மறைந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருக்க பைத்தான் பக்கம் எவரும் இல்லாததால் பைத்தான் அந்தப் படத்தை நினைவகத்திலிருந்து அகற்றிவிட்டது. லேபிள் படத்தின் பெயரை மட்டுமே வைத்திருந்தது, படத்தை அன்று. படத்தை லேபிளின் ஒரு பண்பாகவே சேமித்துவைக்கும் ஒற்றை வரியால் இது சரியாகிவிடும். டிகிண்டர் பழகியவர்கள் அனைவரும் அறிந்த வழு இது. எனக்கு அன்று தெரியாது.

ஆகவே சுருக்கும்போது கோளாறு மறைந்துவிட்டால் அதைத் தோல்வி என்று எண்ணித் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். கடைசியாக எந்த மாற்றத்தைச் செய்தபோது மறைந்தது என்பதைக் குறித்துக்கொண்டு, அந்த ஒன்றை மட்டும் திருப்பிப் போட்டு மீண்டும் தோன்றுகிறதா என்று பாருங்கள். “ஃபங்ஷனுக்குள் இருந்தால் படம் தெரியவில்லை, வெளியே எடுத்தால் தெரிகிறது” என்று எழுதினாலே அது முதல்தரமான கேள்வி. அதைவிட முக்கியம், அனுப்பப்போகும் சிறு நிரலை அனுப்புவதற்கு முன் ஒருமுறையாவது நீங்களே இயக்கிப் பார்ப்பது. கையால் வெட்டிவிட்டு இயக்காமலே அனுப்பிய நிரலில் வேறொரு புதிய பிழை இருக்கும். உதவுபவர் அதைத் திருத்திக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று போய்விடுவார்.

சாளரத்தின் அடுக்கமைப்பு குலைந்திருக்கிறது என்பது போன்ற, கண்ணால் காண வேண்டிய கோளாறுகளுக்கு மட்டும் படம் அவசியம். அப்போதும் கைபேசிப் படம் வேண்டாம். கணினியிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம். அதற்கு முன் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கண்ணைக் குத்தும் பின்னணி நிறத்தைக் கொடுத்துவிட்டு எடுங்கள். எந்தக் கட்டம் எதுவரை நீள்கிறது, எது சுருங்கிக் கிடக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். சாம்பல்மேல் சாம்பலாக அடுக்கிய கட்டங்களின் படத்தைப் பார்த்து எவராலும் எதையும் சொல்ல முடியாது. எப்படி இருக்க வேண்டும் என்று விரும்புகிறீர்களோ அதைத் தாளில் கையால் வரைந்து அதையும் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. இந்த இடத்தில் கைபேசிப் படத்துக்கு அனுமதி உண்டு.

எந்தக் கணினி, எந்தப் பதிப்பு

இயங்குதளமும் பதிப்பும் எல்லாக் கேள்விக்கும் தேவைப்படுவதில்லை என்றாலும், சாளர நிரல்களில் அவற்றை எழுதாமல் விடுவது ஆபத்து. மேக்கில் டிகிண்டரின் சாதாரணப் பொத்தானுக்குப் பின்னணி நிறம் கொடுத்தால் அது பொருட்படுத்தப்படுவதில்லை; பொத்தானை அந்த இயங்குதளமே தன் பாணியில் வரைகிறது. அதே நிரல் விண்டோஸில் நிறத்தோடு தெரியும். “நீங்கள் சொன்னபடியே செய்தேன், நிறம் வரவில்லை” என்று கேட்பவரும், “எனக்கு வருகிறதே” என்று பதிலளிப்பவரும் மணிக்கணக்கில் சுற்றிவருவது இதனால்தான். ஒரே ஃபிரேமுக்குள், இடம்பொருத்தும் இருவேறு முறைகளான ‘பேக்’கையும் ‘கிரிட்’டையும் கலந்துவிட்டால் பழைய டிகே பதிப்புகள் வாய் திறக்காமல் உறைந்துவிடும், பின்னர் வந்தவை தெளிவான பிழைச்செய்தியைத் தருகின்றன. பழைய பாடங்களில் டிகிண்டரின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கியிருக்கும். அது பைத்தான் 2-இன் வழக்கம். உபுண்டுவில் டிகிண்டரைத் தனிப் பொதியாக நிறுவ வேண்டியிருக்கும்.

இவற்றையெல்லாம் ஒரே அடியில் சோதிக்க, டெர்மினலில், உங்கள் நிரல் இல்லாத ஒரு கோப்புறையிலிருந்து, பைத்தானுக்கு ‘-எம் டிகிண்டர்’ என்ற சொற்களைச் சேர்த்து இயக்குங்கள். ஒரு சிறு சாளரம் திறந்து டிகே பதிப்பின் எண்ணைக் காட்டினால் நிறுவல் நலம். அது திறக்காவிட்டால் உங்கள் நிரலில் தேடுவது வீண். அது திறந்தும் உங்கள் நிரல் மட்டும் ‘டிகிண்டரில் டிகே என்று ஒன்று இல்லை’ என்று புலம்பினால், உங்கள் கோப்புக்கே டிகிண்டர் என்று பெயர் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பைத்தான் நூலகத்தைத் தேடிப் போகும் வழியில் உங்கள் கோப்பின்மேல் தடுக்கி விழுந்துவிடுகிறது.

எதற்காக இதைச் செய்கிறீர்கள்

நல்ல கேள்விகளிலும் அடிக்கடி விடுபடுவது இது. “டிகிண்டரில் த்ரெட் (இணையாக ஓடும் தனி இழை) எப்படி அமைப்பது?” என்று ஒருவர் கேட்கிறார். ஏன் த்ரெட் என்று கேட்டால், ஸ்லீப் போட்டதும் சாளரம் உறைகிறது என்கிறார். ஏன் ஸ்லீப் என்றால், ஒவ்வொரு விநாடியும் நேரம் மாறும் ஒரு கடிகாரம் வேண்டுமாம். அதற்கு த்ரெட்டும் வேண்டாம், ஸ்லீப்பும் வேண்டாம். 1000 மில்லி விநாடி கழித்து இந்த ஃபங்ஷனை அழை என்று சுழலிடமே சொல்லிவைக்கும் ‘ஆஃப்டர்’ போதும். முதல் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லியிருந்தால், அவர் த்ரெட்டுக்குள்ளிருந்து லேபிளைத் தொட்டு, எப்போதாவது மட்டும் தோன்றும் இன்னும் கொடிய வழுவொன்றை வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பார். நீங்கள் தேர்ந்த வழியைப் பற்றிக் கேட்கலாம். கூடவே எங்கே போக வேண்டும் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் கேட்பவர்களுக்கும் இது அத்தனையும் பொருந்தும். ‘வேலை செய்யவில்லை’ என்ற கேள்விக்கு மனிதர் திருப்பிக் கேள்வி கேட்பார். எந்திரமோ பல வேளைகளில் ஏதோ ஒரு காரணத்தை ஊகித்துக்கொண்டு நீளமான விடையைத் தந்துவிடும்.

இப்போது தொடக்கத்தில் பார்த்த அந்தச் செய்தி எப்படி எழுதப்பட்டிருக்கலாம் என்று பார்ப்போம்:

“வணக்கம் ஐயா. பெட்டியில் தட்டச்சு செய்த பெயரை, ‘சேமி’ பொத்தானை அழுத்தும்போது ஒரு கோப்பில் எழுத விரும்புகிறேன். விண்டோஸ் 11, பைத்தான் 3.12, டிகே 8.6. டெர்மினலிலிருந்து இயக்கினேன்; பிழைச்செய்தி எதுவும் இல்லை. பெயரைத் தட்டச்சு செய்து பொத்தானை அழுத்தினால் கோப்பில் அந்தப் பெயர் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். ஆனால் கோப்பு வெறுமையாக இருக்கிறது. ஃபங்ஷனின் முதல் வரியில் ஒரு பிரின்ட் வைத்துப் பார்த்தேன். சாளரம் திறந்தவுடனேயே ஒருமுறை அச்சாகிறது, அழுத்தும்போது அச்சாவதில்லை. இதே கோளாறைக் காட்டும் 14 வரி நிரலைக் கீழே எழுத்தாகத் தந்திருக்கிறேன், இயக்கிப் பார்த்துவிட்டேன்.”

இதை எழுதி முடிக்கும் ஒருவர், ‘சாளரம் திறந்தவுடனேயே’ என்ற சொற்களை அடித்த இடத்திலேயே கையை நிறுத்தி, பொத்தானின் வரியை இன்னொருமுறை பார்த்து, அந்த இரண்டு அடைப்புக்குறிகளையும் அழித்துவிட்டு, கேள்வியை அனுப்பாமலே போய்விட வாய்ப்பு அதிகம். அனுப்பினாலும் பதில் ஒரே வரியில் வந்துவிடும். அப்படி வந்த பதில் பலித்தால், எந்த வரியை எப்படி மாற்றியபின் சரியாயிற்று என்று ஒரு வரி திருப்பி எழுதுங்கள். பலிக்காவிட்டால், சொன்னதைச் செய்தபின் இப்போது என்ன நடக்கிறது என்பதைச் சொல்லுங்கள். அதற்கிடையே வேறு எதையும் நீங்களாக மாற்றியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றியிருந்தால், ஒன்றைப் பழையபடி வைத்துவிட்டு இன்னொருமுறை அழுத்திப் பாருங்கள்.